நாலு சொட்டு இலைத் தண்ணீர்

கண்ணாடிக் குடுவை கழுவுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது, ஐயா. அந்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக அதுதான் என் வேலை. அமிலத்தில் ஒரு நாள் முழுக்க ஊறவைத்து, ஏழு தடவை அலசிக் கவிழ்த்தால் பழைய தண்ணீரின் வாசம்கூட மிஞ்சாது. வாக்குமூலத்தை நிதானமாகவே எழுதுங்கள், கை வலிக்கும்.

என் தங்கை அங்கே ஆராய்ச்சியாளராக வந்தது நாலு வருஷம் முன்பு. அவள் படிக்கத்தான் நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டேன். அதில் எனக்கு வருத்தமே இல்லை. என்னைக் 'குடுவைக்கா' என்று கூப்பிட்டவர்கள் அவளைக் கண்டதும் எழுந்து நின்றார்கள். அதிலும் இல்லை.

மூடிப்போன தொழிற்சாலை ஒன்று எங்கள் ஏரியில் பாதரசத்தைக் கலந்துவிட்டுப் போயிருந்தது. மீன் பிடிக்கத் தடை. ஏரிப் பாசி எவ்வளவு பாதரசத்தை உறிஞ்சுகிறது என்று அவள் அளந்தாள். பாசியைப் பூச்சி தின்னும், பூச்சியை மீன், மீனை நாம். தண்ணீரில் புளிப்பு ஏறினால் பாசி கூடுதலாக இழுக்குமாம். இலை மக்கிய பழுப்புச் சாறு இருந்தால் அது பாதரசத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுமாம், பாசிக்குக் கொஞ்சம்தான் போகுமாம். அடுப்படியில் நின்று எனக்குச் சொன்னாள். "புரியுதாக்கா?" என்று மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவை.

உதிர்ந்த இலைகளை ஒரு வாரம் ஊறவைத்துத் துணியில் வடிகட்டினேன். ஏரித் தண்ணீரைத் தங்கை சோதித்துக் குறித்துக்கொண்ட பிறகுதான், பாசி போட்ட குடுவைகள் தட்டில் அடுக்க என் கைக்கு வரும். ஒவ்வொன்றிலும் நாலு சொட்டு. பாசிப் பச்சையில் பழுப்பு தெரியாது. பாசியில் ஏறிய பாதரசத்தின் அளவு பாதிக்குப் பாதி குறைந்தது. வேறொரு கூடத்தில் திருப்பிச் செய்து பார்ப்பார்கள், கணக்குத் தப்பென்று தெரியும், அவள் பத்துப் பேர் முன்னால் தலைகுனிவாள். அவ்வளவுதான் என் எண்ணம்.

யாரும் திருப்பிச் செய்யவில்லை. மேலே இருந்தவர்களுக்கு அவசரம். தடையை நீக்கினார்கள். பேப்பரில் அவள் படம் வந்தது. பின்னால் வரிசையாகக் குடுவைகள், நான் கழுவியவை. அன்றைக்கே சொல்லியிருக்கலாம். அந்தப் படத்தைப் பார்த்த பிறகு மனசு வரவில்லை.

அப்போது அவளுக்கு வயிற்றில் மூன்று மாதம். முதல் நாளே ஏரி மீன் வாங்கி வந்தாள். வேண்டாமே என்று ஒரு பேச்சுக்குச் சொல்லிப் பார்த்தேன்.

"என் கணக்க நானே நம்பலேன்னா ஊர் எப்படிக்கா நம்பும்? நீயே சமைச்சுடு. உன் கைப்பக்குவம் யாருக்கு வரும்?"

என்னை அவள் பாராட்டியது அந்த ஒரு தடவைதான். வாரம் மூன்று நாள் சமைத்துப் போட்டேன். எனக்கு வயிறு சரியில்லை என்று சொல்லிவிடுவேன்.

ஏரிக்கரைத் தெருக்களில் பதினோரு பிள்ளைகளுக்குப் பாதிப்பு என்கிறீர்கள். எனக்கு எங்கள் வீட்டுப் பிள்ளையைத்தான் தெரியும். ஒன்றரை வயதாகிறது, கழுத்து நிற்கவில்லை. சத்தத்துக்குத் திரும்புவதில்லை. தன் கணக்கில்தான் எங்கோ பிழை என்று தங்கை அதே பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருக்கிறாள். "உன்ன விட்டா எனக்கு யாருக்கா இருக்கா?" என்கிறாள். ஆமாம் ஐயா, நான்தான் செய்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பினால் நல்லது. அவளைவிட என்னைத்தான் அந்தப் பிள்ளைக்குப் பிடிக்கும், என்னிடம் அழவே அழாது. அது யாரிடமும் அழுவதில்லை என்று மருத்துவர் சொல்கிறார். அவர் அதை என் மடியில் பார்த்ததில்லை.