தாய்மாமன் கொடுத்த பெயர்

உட்காருங்கள் அம்மா. இந்தக் கட்டடத்தில் லிஃப்ட் வாரத்தில் பாதி நாள் ஓடாது. வானவடியில் புதுக் கட்டடம் என்று பேருக்குத்தான். மாடி ஏறி வந்த களைப்பு உங்கள் முகத்திலேயே தெரிகிறது, ஃபேனைக் கூட்டி வைக்கிறேன். என் மனைவி சாவித்ரியும் மகள் வைஷுவும் அவளுக்குக் கல்யாணப் புடவை எடுக்க லக்ஷ்மி ரோட்டுக்குப் போயிருக்கிறார்கள், வர இருட்டிவிடும். அதனால்தான் உங்களை இன்றைக்கு வரச் சொன்னேன்.

நஸ்ரின் என்றுதானே போனில் சொன்னீர்கள்? வெளிநாட்டுச் சிறையில் கிடக்கிற நம் ஆட்களுக்காக அலைகிறவர் என்றும் சொன்னீர்கள். என் மைத்துனன் தினேஷுக்காக வந்திருக்கிறீர்கள். அவன் பேரில் அங்கே பதிவான கம்பெனிக்கு உண்மையான முதலாளி பாலசுப்ரமணியனாகிய நான்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அவனை விட்டுவிடுவார்கள் என்கிறீர்கள். உண்மைதான், விட்டுவிடுவார்கள். முதலாளியும் நான்தான். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. மறைத்து மறைத்து எனக்கும் அலுத்துவிட்டது.

தினேஷ் என் மனைவியின் தம்பி. தாயில்லாப் பிள்ளை, சாவித்ரிதான் வளர்த்தாள். விஷ்ராந்த்வாடியில் ஒரு டூவீலர் ஒர்க்ஷாப்பில் மெக்கானிக்காக இருந்தான். தங்கமான பையன். அதை நான் எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் சொல்வேன்.

நான் அப்போது சிஞ்ச்வட்டில் வண்டி உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் கொள்முதல் பிரிவில் இருந்தேன். அந்தச் சாமான்களை வாங்கி வளைகுடாவில் விற்கிறவர்கள் எப்படிக் கொழிக்கிறார்கள் என்று தினம் தினம் பார்த்துக்கொண்டிருந்தவன். அங்கே ஒரு கம்பெனி பதிவு செய்வது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பாஸ்போர்ட், போட்டோ, ஒரு விலாசம், நடுவில் ஒரு ஏஜென்ட், அவ்வளவுதான். உட்கார்ந்த இடத்திலிருந்தே முடித்துவிடலாம். எனக்கு ஒரே ஒரு தடை இருந்தது. வேலையில் இருக்கிறவன் தன் பேரிலோ மனைவி பேரிலோ வெளித்தொழில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று எங்கள் கம்பெனியில் விதி. ஆக, நம்பிக்கையான ஓர் ஆளின் பெயர் வேண்டியிருந்தது.

உங்களுக்கு வாணியம்பாடி பக்கம் என்றீர்கள், தாய்மாமன் சீர் என்றால் என்னவென்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வைஷு பெரியவளானபோது சொசைட்டி ஹாலில் மஞ்சள் நீராட்டு வைத்தோம். மாமன்காரன் தட்டு வரிசையோடு வர வேண்டும். தினேஷ் கொண்டுவந்தது பழமும் பூவும் ஒரு சாதாரணப் புடவையும்தான். வேலூரிலிருந்து வந்திருந்த என் அக்காவுக்கு வாய் சும்மா இருக்காது. மாமன் சீர் ஒரு ஆட்டோவுக்குள்ளேயே அடங்கிவிட்டதே என்று நாலு பேர் காதில் விழுகிற மாதிரிச் சொன்னாள். அவன் சாப்பிடாமலே போய்விட்டான். அதற்குப் பிறகு எப்போது வந்தாலும், பாப்பா கல்யாணத்துக்குப் பாருங்கள் மாமா, ஊரே வாயைப் பிளக்கிற மாதிரிச் செய்கிறேன் என்று சொல்லாமல் போக மாட்டான். ஒர்க்ஷாப் சம்பளத்தில் எங்கிருந்து செய்வான்? எனக்கு அவனைப் பார்த்தால் பாவமாக இருக்கும். அதனால் அந்த இடத்திலிருந்தே பேச்சை ஆரம்பித்தேன்.

"சீரெல்லாம் ஒண்ணும் வேணாம்டா தினேஷு. உன் பேரைக் குடு, போதும். கம்பெனிக்கு வைஷு பேரு, லைசென்ஸ்ல மாமன் பேரு. இதைவிடப் பெரிய சீர் எவன்டா செய்வான்?" என்றேன்.

அவன் கண் கலங்கிவிட்டது. "எனக்கு இங்கிலீஷே சரியா வராது மாமா. என்னைப் போய் மொதலாளின்னா சிரிக்க மாட்டாங்களா?" என்றான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சாலேல் மாமா. பாப்பாவுக்குத்தானே," என்றான். மராத்திக்காரர்களோடேயே பழகினவன், சரி என்று சொல்ல அவனுக்கு அந்த வார்த்தைதான் வரும்.

ஏஜென்ட் அவனுக்கு விசிட்டிங் கார்டு அடித்து அனுப்பினான். நிர்வாக இயக்குநர் என்று பொன்னெழுத்தில் போட்டிருந்தது. ஒர்க்ஷாப்புக்கு வருகிறவர்களிடமெல்லாம் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு எடுத்துக் காட்டுவானாம். சாவித்ரி சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

தொழில் முதலில் நன்றாகத்தான் ஓடியது. அதையும் நீங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டன் குழம்பு சாப்பிட வருவான். சாப்பிட்டுக் கை கழுவியதும் செக் புத்தகத்தை எடுத்து வைப்பேன். தொகை போடாத செக்காக ஒவ்வொன்றாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே போவான், டிவியைப் பார்த்துக்கொண்டு. சரக்குக் கொடுக்கிறவர்கள் அந்த ஊரில் பின்தேதி போட்ட செக் வாங்கிக்கொள்வார்கள். அது பணமில்லாமல் திரும்பினால், கையெழுத்துப் போட்டவன் உள்ளே போக வேண்டும். எனக்கு அது தெரியும். அவனுக்குத் தெரியாது. அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பிறகு வியாபாரம் படுத்தது. இந்த வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்த சமயம். பெண்ணைப் பெற்றவன் எத்தனை நாள் வாடகை வீட்டில் இருப்பான்? கம்பெனிக் கணக்கில் இருந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக இந்தப் பக்கம் கொண்டுவந்துவிட்டேன். கொடுத்த செக்குகள் எந்த வாரம் பாங்குக்குப் போகும் என்று எனக்குத் தெரியும். அந்த வாரத்துக்குப் பார்த்துத்தான் அவனுக்கு டிக்கெட் போட்டேன். லைசென்ஸ் புதுப்பிக்க நீ நேரில் போய் நிற்க வேண்டுமாம் என்று சொன்னேன்.

ஏன் அனுப்பினேன் என்கிறீர்களா? அங்கே ஆள் கிடைக்காவிட்டால் பின்னால் யார் என்று தோண்டிக்கொண்டே வருவார்கள். கையில் ஓர் ஆள் அகப்பட்டுவிட்டால் இன்னொருவனைத் தேட யாருக்குப் பொழுது இருக்கிறது? அத்தனை வருஷம் கொள்முதலில் குப்பை கொட்டியவனுக்கு இதுகூடத் தெரியாதா?

அவனுக்கு அதுதான் முதல் விமானம். புது ஷூ காலைக் கடித்து நொண்டிக்கொண்டே வந்தான். சாவித்ரி முறுக்கும் பொடியும் கட்டிக் கொடுத்தாள். ஏர்போர்ட் வாசலில், அத்தனை கூட்டத்துக்கு நடுவில், என் காலில் விழுந்து கும்பிட்டான். நன்றாயிரு என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஒரே ஒரு தடவை பேசினான். "மாமா, என்னமோ தப்பாப் புரிஞ்சிக்கிட்டாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா விட்டுடுவாங்க," என்றான். சொல்றேன்டா, கவலைப்படாதே என்று வைத்துவிட்டேன். அதற்கப்புறம் நம்பரை மாற்றிக்கொண்டேன், வீட்டில் எல்லோருடைய நம்பரையும்.

சாவித்ரியைத்தான் சமாளிக்க முடியவில்லை. தம்பி எங்கே, தம்பி எங்கே என்று ஒரே பிடுங்கல். அவளுக்கு ஏற்கெனவே பிபி. அதனால், உன் தம்பி கம்பெனிப் பணத்தைச் சுருட்டிக்கொண்டு அங்கே ஒருத்தியோடு போய்விட்டான் என்று சொன்னேன். நாள் கணக்கில் அழுதாள். பிறகு அவன் போட்டோவைக் கழற்றிவிட்டு, இனிமேல் அவன் பேச்சை இந்த வீட்டில் எடுக்காதீங்க என்று அவளே சொல்லிவிட்டாள். அன்றைக்குத்தான் நான் நிம்மதியாகத் தூங்கினேன். ஒளிப்பானேன், வருஷம் நாலு ஆகப்போகிறது, நன்றாகவே தூங்குகிறேன்.

அவன் இதுவரை என் பெயரைச் சொல்லவில்லை என்கிறீர்கள். சிறையில் அவன்கூட இருந்து விடுதலையான, இங்கே கட்கிப் பக்கத்து ஆள் ஒருவர் சொல்லித்தான் உங்களுக்கே தெரியும் என்கிறீர்கள். பாப்பா கல்யாணம் முடியட்டும், அதுவரைக்கும் மாமா பெயர் கெடக் கூடாது என்று இருக்கிறானாம். கேட்கும்போது எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. நான் கல்லா என்ன?

ஆனாலும் இந்தக் கடிதத்தில் என்னால் கையெழுத்துப் போட முடியாது அம்மா. பயந்துகொண்டு சொல்லவில்லை. இந்த வயசுக்கு மேல் எனக்கு என்ன பயம்? நிச்சயதார்த்தம் ஆன கையோடு அதே ஊரில் இன்னொரு கம்பெனி பதிவு செய்திருக்கிறேன், மாப்பிள்ளை பேரில். மாப்பிள்ளை பெயர் கிருஷ்ணா, ஐடியில் இருக்கிற பையன், வெளிநாட்டில் சொந்தத் தொழில் என்றதும் வேலையை விட்டுவிடுகிறேன் என்று துள்ளுகிறார். செக் புத்தகத்தில்கூடக் கையெழுத்தெல்லாம் வாங்கி வைத்துவிட்டேன். புது மாப்பிள்ளையை அடிக்கடி தொந்தரவு செய்யக் கூடாது பாருங்கள். இப்போது போய்ப் பழைய கம்பெனி என்னுடையது என்று எழுதிக் கொடுத்தால், புதியது யாருடையது என்று கேட்க மாட்டார்களா? கல்யாணமான மறுமாசம் பெண்ணும் மாப்பிள்ளையும் அங்கே போய் இறங்கப் போகிறார்கள். இறங்கின இடத்திலேயே அவரைப் பிடித்து வைத்துக்கொண்டால் என் பெண் கதி என்ன?

தினேஷ் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். தெரியாத ஊரில் குடித்தனம் வைக்கப் போகிற பெண், தாய்மாமன் என்று ஒருத்தன் அங்கே இருக்கிறது அவளுக்கும் ஒரு துணைதானே.