விரால் சூப்பு எந்தக் காலுக்குப் போகும்?

காஜா பேராங் பசாரில் பெட்டி மேல் ஏறி நின்று மருந்து விற்கிறவரே, நீர் பொய்யர். இன்று காலை பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த இரண்டு பேர் பேசியதைக் கேட்டுத்தான் சொல்கிறேன். ஒருவர், நாளை நாடு சுதந்திரம் பெறுவதைக் கொண்டாடும் ஊர்வலத்தில் அணிவகுத்து நடக்க வேண்டியவர். புதுச் சப்பாத்து அவருடைய இரண்டு குதிகாலையும் உரித்துவிட்டது. பக்கத்தில் அவர் மச்சான்.

“எது நல்ல மருந்துன்னு பார்க்கத்தான் மச்சான், இடது காலுக்குக் கடல் அட்டை எண்ணெய் பூசினேன். வலது காலுக்கு விரால் சூப்பு.”

“சூப்பைக் காலுலயா ஊத்துன?”

“குடிச்சேன்லா!”

“குடிச்சது வலது காலுக்குத்தான் போகும்னு யாரு சொன்னா?”

“காஜா பேராங் பசார் மருந்துக்காரருதான். வலது பக்கமா சாஞ்சு குடிக்கச் சொன்னாரு.”

“சாஞ்சியா?”

“சாஞ்சேன். விழாம உன் தங்கச்சிதான் பிடிச்சிக்கிட்டா.”

“இப்ப எப்படி இருக்கு?”

“இடது காஞ்சிருச்சு. வலது இன்னும் ரத்தம். போய்க் கேட்டா, தூக்கத்துல இடது பக்கம் புரண்டிருப்பீங்க, சூப்பு அந்தக் காலுக்கு ஓடிருச்சுங்கிறாரு.”

“புரண்டியா?”

“தூங்குறவனுக்கு எப்படித் தெரியும்? உன் தங்கச்சியைக் கேட்டா சிரிக்கிறா.”

“ஒரு காலுக்குச் சப்பாத்து, ஒரு காலுக்குச் செருப்பு போட்டுக்கிட்டு நடந்துரு.”

“வரிசையில விட மாட்டாங்க. நாட்டுக்கு ஒரு தடவைதான் மச்சான் சுதந்திரம் கிடைக்கும்.”

மச்சான் குனிந்து அவர் குதிகாலைப் பார்த்தார்.

மருந்துக்காரரே, நாளை அவர் ஊர்வலம் நடக்கும் திடல் ஓரத்தில் நின்று மற்றவர்கள் நடப்பதைப் பார்ப்பார். நீரும் அங்கே வாரும். மனிதர் தூக்கத்தில் புரண்டு படுப்பது அவர் குற்றமா உம்முடைய குற்றமா என்று, கூடியிருக்கிற அத்தனை பேர் காதிலும் விழும்படி சொல்லும்.