பந்தால் வாயை மூடிக்கொண்டு

குட்டி: அது உங்க பந்து அக்கா.

அக்கா: உன் பந்து.

குட்டி: நட்ட நடுவுல வந்துச்சு. நடுவுல வர்றது எல்லாம் என்னோடதுன்னு நீங்கதானே எப்பவும் சொல்வீங்க?

அக்கா: சொல்வேன். இன்னிக்கு உனக்கு விட்டேன்.

குட்டி: அதைச் சொல்லிட்டு விட்டிருக்கலாமே! ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமா ஒதுங்கி நிக்கறோம்... ஆம்புலன்ஸுக்கு வழி விடற மாதிரி.

நடுவர்: இரண்டு – பூஜ்யம்.

அக்கா: பந்தை வாய்க்கு முன்னாடி வச்சுப் பேசு. கேமரா பார்க்குது.

குட்டி: பார்க்கட்டும். ஏதோ பெரிய வியூகம் வகுக்கறோம்னு நினைச்சுக்குவாங்க.

அக்கா: நமக்கு ஒரு செட், அவங்களுக்கு ஒரு செட் ஆச்சு. இனி பத்து பாயிண்ட் யார் முதல்ல எடுக்கறாங்களோ அவங்களுக்குத்தான் மேட்ச். அவங்க ரெண்டு எடுத்துட்டாங்க. போய் நில்லு.

நடுவர்: மூன்று – பூஜ்யம்.

குட்டி: இதையும் விட்டுட்டீங்க!

அக்கா: வெளிய போகும்னு நினைச்சேன்.

குட்டி: கோட்டு மேல விழுந்துச்சு.

அக்கா: பார்த்தேன்.

குட்டி: காலையில இருந்து உங்களுக்கு என்ன ஆச்சு? சாப்பிடறப்ப பேசல. பஸ்ல பேசல. உள்ள வர்றப்ப நான் பேசிக்கிட்டே வர்றேன், நீங்க பாட்டுக்கு என்னைத் தாண்டிப் போறீங்க...

அக்கா: மேட்ச்ல கவனம் வை.

குட்டி: நான் வச்சிருக்கேன். நீங்க எங்க வச்சிருக்கீங்க? இதுல ஜெயிச்சா அடுத்த வாரம் வருஷக் கடைசிப் போட்டி. டென்னிஸ் உலகத்துலயே எட்டு ஜோடிதான். எட்டாவதா நாம உள்ள போறோம். நீங்க ஆட வந்ததுல இருந்து ஒரு தடவைகூட எட்டிப் பார்க்காத போட்டி!

அக்கா: தோத்தா?

குட்டி: தோத்தா ஒன்பதாவது. வீட்ல உக்காந்து டிவியில பார்க்கலாம்.

அக்கா: நான் பார்க்கலாம். உனக்குத்தான் நெட்டையோட ஃப்ளைட் இருக்கே.

குட்டி: நெட்டையோடவா?

அக்கா: என்ன நிக்கறே? உன் சர்வ்.

குட்டி: யார் சொன்னா?

அக்கா: பந்தை வாங்கு.

குட்டி: அக்கா... யார் சொன்னா?

அக்கா: சர்வ் பண்ணுடி.

நடுவர்: ஃபால்ட்.

அக்கா: பொறுமையா.

நடுவர்: ஃபால்ட். நான்கு – பூஜ்யம்.

அக்கா: ஓஹோ. ரெண்டுமே வலையில.

குட்டி: ராக்கெட் வழுக்குச்சு.

அக்கா: வழுக்குச்சா? இல்ல, நீயா வழுக்க விட்டியா?

குட்டி: என்ன பேசறீங்க?

அக்கா: தோத்தா உனக்கு லாபம்தானே. அடுத்த வாரம் வேற ஊர்ல வேற போட்டி, வேற ஜோடி. ஆறடி உயரத்துல ஒரு ஆளு.

குட்டி: வேணும்னே தோக்கறேங்கறீங்களா? நானா? ஜலதோஷம் பிடிச்சு மூச்சு விட முடியாதப்பக்கூட வாங்கக்கா ஆடலாம்னு வந்து நின்னவ நான்!

அக்கா: அது போன வருஷம்.

குட்டி: இன்னொரு தடவை அந்த வார்த்தை சொல்லுங்க, ராக்கெட்டை இங்கயே வச்சுட்டுப் போயிடறேன்.

அக்கா: வச்சுட்டுப் போ. நெட்டை புதுசா வாங்கித் தருவா.

நடுவர்: நேரம், வீராங்கனைகளே.

குட்டி: தள்ளி நில்லுங்க. பந்து உங்க முதுகுல பட்டா நான் பொறுப்பில்ல.

நடுவர்: நான்கு – ஒன்று.

அக்கா: இப்ப மட்டும் எப்படி அவ்வளவு வேகம்?

குட்டி: உங்க முகத்தை நினைச்சுக்கிட்டேன்.

நடுவர்: நான்கு – இரண்டு. பக்கம் மாறவும்.

குட்டி: தண்ணியை இப்படிக் கொடுங்க.

அக்கா: இது என் பாட்டில்.

குட்டி: இது வேறயா? என்னிக்கு நமக்குத் தனித்தனி பாட்டில் இருந்துச்சு?

அக்கா: குடிச்சுத் தொலை. எப்ப சொல்றதா இருந்தே?

குட்டி: மேட்ச் முடிஞ்சதும்.

அக்கா: எந்த மேட்ச்?

குட்டி: தோத்தா மட்டும்தான் அக்கா. ஜெயிச்சா வர மாட்டேன், தோத்தாதான் வருவேன்னு அவகிட்டத் தெளிவாச் சொல்லியிருக்கேன்.

அக்கா: அடேயப்பா. எவ்வளவு விசுவாசம்.

குட்டி: கிண்டல் பண்ணாதீங்க. இந்த ஆட்டத்துல யார்தான் செய்யல? எல்லாருக்கும் ஒரு கண்ணு பக்கத்துல நிக்கறவ மேல, இன்னொரு கண்ணு ரேங்கிங் மேல.

அக்கா: எல்லாரும் செய்வாங்க. நீ செய்வேன்னு நினைக்கல.

குட்டி: ஏன் செஞ்சேன்னு கேட்க மாட்டீங்களா?

அக்கா: மாட்டேன்.

நடுவர்: ஐந்து – இரண்டு.

குட்டி: போச்சு. நீங்க கேட்டிருந்தா நான் பதில் சொல்லிட்டு நிம்மதியா ஆடியிருப்பேன்.

அக்கா: சரி, ஏன்?

குட்டி: உங்க முழங்கால்.

அக்கா: என் முழங்கால் உன்னை என்னடி பண்ணுச்சு?

குட்டி: போன மாசம் பேட்டியில, உடம்பு ஒத்துழைக்கிற வரைக்கும் ஆடுவேன்னு சொன்னீங்க. பக்கத்துல நான் பொம்மை மாதிரி சிரிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். அது எப்ப ஒத்துழைக்காதுன்னு எனக்கு யார் சொல்வா? தினமும் ஐஸ் கட்டி விடறதே நான்தான். வீக்கம் வடியுதா இல்லையான்னு உங்களைவிட எனக்குத்தான் தெரியும்.

அக்கா: என் சர்வ். விரலைக் காட்டு.

குட்டி: ரெண்டு விரல் காட்டினா நான் குறுக்க பாயறேன். பாருங்க, நேத்து மாதிரி பார்க்காமலே தலையாட்டாதீங்க.

அக்கா: அதை உனக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்.

நடுவர்: ஐந்து – மூன்று.

அக்கா: நல்லாத்தான் பாஞ்சே.

குட்டி: பாராட்டா?

அக்கா: நெட்டைக்குப் பாயற வேலையே இல்ல. நின்ன இடத்துல கையை நீட்டினாப் போதும்.

குட்டி: அவ பேச்சை விடுங்களேன்!

அக்கா: நானா அவகிட்டப் போய் நின்னேன்?

நடுவர்: ஐந்து – நான்கு.

குட்டி: ஒண்ணு தெரியுமா? ஒரு நாள் காலையில எந்திரிச்சு, போதும்டி, நான் நிறுத்திக்கறேன்னு நீங்க சொல்லிட்டீங்கன்னா எனக்கு என்ன இருக்கு? தனியா ஆடற ஆட்டத்தையே உங்களுக்காக விட்டவ.

அக்கா: எனக்காகவா? முதல் ரவுண்டைத் தாண்ட முடியாம விட்டே.

குட்டி: ரெண்டும்தான்!

அக்கா: நீ தனியா ஆடினப்ப உன் மேட்சைப் பார்க்க வந்த ஒரே ஆள் நான். மைதானம் பெருக்கறவர் பாதியில எந்திரிச்சுப் போயிட்டார்.

குட்டி: இப்ப மட்டும் என்ன? நாம கோப்பை வாங்கின படத்துல என்னை வெட்டிட்டுத்தானே பேப்பர்ல போட்டாங்க. கோப்பை பாதி இருக்கு, என் கை இருக்கு, நான் இல்ல.

அக்கா: அதுக்கு நான் என்ன செய்ய? பத்திரிகைக்காரன் என் சித்தப்பாவா?

நடுவர்: ஆறு – நான்கு.

குட்டி: ஆ! உங்க ராக்கெட்! விரல்! விரல்!

அக்கா: காட்டு.

குட்டி: என்னோடதுன்னு கத்தினேனே!

அக்கா: நானும்தான் கத்தினேன்.

குட்டி: முதல்ல ரெண்டு பேரும் விட்டோம். இப்ப ரெண்டு பேரும் போட்டி போட்டு விழுந்து அடிக்கறோம். எதிர்ல ரெண்டு பேர் சும்மா நின்னு வேடிக்கை பார்க்கறாங்க.

அக்கா: மடக்கு. நீட்டு. வலிக்குதா?

குட்டி: வலிச்சா உங்களுக்கென்ன?

அக்கா: அதிகப்பிரசங்கி. மடக்குன்னா மடக்கு.

நடுவர்: மருத்துவ உதவி தேவையா?

குட்டி: வேணாம்.

அக்கா: வேணாம். வாய்தான் வீங்கியிருக்கு.

நடுவர்: ஆறு – ஐந்து.

குட்டி: பார்த்தீங்களா? அடிபட்ட விரலோட அடிச்சேன்.

அக்கா: அப்ப இன்னொரு விரலையும் நசுக்கிடலாம்.

நடுவர்: ஆறு – ஆறு. பக்கம் மாறவும்.

குட்டி: இப்பவாவது சொல்லுங்க. நெட்டையே சொன்னாளா?

அக்கா: ம்.

குட்டி: யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்னாளே! அவளா தேடி வந்து சொன்னாளா?

அக்கா: பேச்சு வாக்குல வந்துச்சு.

குட்டி: அவகூட உங்களுக்கு என்ன பேச்சு? விளக்குக் கம்பம் நடந்து வருதுன்னு சொல்லிட்டு எதிர்த்திசையில போறவங்க நீங்க.

அக்கா: தண்ணி குடிச்சாச்சா? வா.

குட்டி: இப்படித்தான். உங்களுக்குப் பிடிக்காததைக் கேட்டா, தண்ணி குடிச்சாச்சா.

நடுவர்: ஏழு – ஆறு.

அக்கா: அப்பாடா. முதல் தடவையா நாம முன்னாடி.

குட்டி: சத்தமாச் சொல்லாதீங்க.

நடுவர்: ஏழு – ஏழு.

குட்டி: சொல்லாதீங்கன்னேன்ல!

நடுவர்: எட்டு – ஏழு.

அக்கா: அது எனக்கு எட்டல.

குட்டி: எட்டியிருக்கும். நீங்க ஓடவே இல்ல.

அக்கா: ஓடல. முழங்கால் பிடிச்சுக்கிச்சு.

குட்டி: இப்பவா? நிஜமாவா?

அக்கா: இதுல என்னடி நடிப்பு? ரெண்டு சர்வ் என்னோடது. போட முடியும். போட்டுட்டு ஓட முடியாது.

குட்டி: டாக்டரைக் கூப்பிடட்டுமா?

அக்கா: கூப்பிட்டா உக்கார வச்சு அழுத்துவாங்க. உக்காந்தா எந்திரிக்க மாட்டேன். கேளு. நான் போட்டுட்டு நின்னுடறேன். வர்றதை எல்லாம் நீ எடு.

குட்டி: எல்லாத்தையுமா?

அக்கா: எல்லாத்தையும்.

குட்டி: நடுவுல வர்றதையும்?

அக்கா: என் மூக்கு மேல வர்றதையும்.

குட்டி: இத்தனை வருஷத்துல முதல் தடவையா...

அக்கா: கண்ணைத் துடை. விரலைக் காட்டு.

நடுவர்: எட்டு – எட்டு.

அக்கா: எம்மாடி! அதை எப்படி எடுத்தே?

குட்டி: பேசாதீங்க. மூச்சு வாங்குது. இன்னொண்ணு போடுங்க.

நடுவர்: அமைதி, தயவுசெய்து. ஒன்பது – எட்டு.

குட்டி: ஒண்ணு. இன்னும் ஒரே ஒண்ணு அக்கா.

அக்கா: எண்ணத் தெரியும்.

குட்டி: அக்கா, இதுல தோத்தாக்கூட...

அக்கா: தோக்கறதைப் பத்தி இப்ப ஏன் பேசறே?

குட்டி: இல்ல, தோத்தாக்கூட நான் நெட்டையோட போகல. முடிவு பண்ணிட்டேன்.

அக்கா: எப்ப?

குட்டி: மூக்குன்னு சொன்னீங்களே, அப்ப.

அக்கா: அவசரப்பட்டு எதுவும் முடிவு பண்ணாதே.

குட்டி: என்ன அக்கா இது! போனாலும் திட்டறீங்க, போகலைன்னாலும் திட்டறீங்க!

அக்கா: எதிர்ல அந்தப் பொண்ணைப் பாரு. சர்வ் போடறதுக்கு முன்னாடி பந்தைத் தட்டித் தட்டித் தரையையே தேய்க்கறா. பயந்திருக்கா.

நடுவர்: ஃபால்ட்.

குட்டி: முன்னாடி போகட்டுமா?

அக்கா: போ. அவ கண்ணுல படற மாதிரி போ.

நடுவர்: ஃபால்ட். ஆட்டம் நிறைவு. பத்து – எட்டு.

குட்டி: அவ்வளவுதானா?

அக்கா: அவ்வளவுதான்.

குட்டி: கடைசிப் பந்தை நாம தொடவே இல்லையே!

அக்கா: தொட்டிருந்தா நடுவுல விட்டிருப்போம்.

குட்டி: உள்ள போறோம் அக்கா. எட்டாவது ஜோடி. நீங்களும் நானும்... அழறீங்களா?

அக்கா: வேர்வை.

குட்டி: கண்ணுல மட்டும் வேர்க்குதா?

அக்கா: தோளைக் கொடு. போய்க் கை கொடுத்துட்டு வந்துடலாம். இந்தக் காலை வச்சுக்கிட்டு அந்த வலை வரைக்கும் போறதே பெரிய பயணம்.

குட்டி: மெதுவா. ஒரு வாரம் இருக்கு. ஐஸ் வைப்போம், வீக்கம் வடிஞ்சுடும். அதுக்கு முன்னாடி நெட்டைகிட்ட வரலைன்னு சொல்லணும். கிழிக்கப் போறா என்னை.

அக்கா: கிழிக்க மாட்டா. சிரிப்பா.

குட்டி: எப்படித் தெரியும்?

அக்கா: நேத்து சாயங்காலமே சிரிச்சா.

குட்டி: எதுக்கு? அக்கா... நில்லுங்க. நேத்து சாயங்காலம் நீங்க எதுக்கு அவகிட்டப் போனீங்க?

அக்கா: நீ எதுக்குப் போனியோ அதுக்குத்தான். தோத்தா என்கூட ஆடற இடத்தை உங்க குட்டி ஏற்கெனவே கேட்டு வாங்கிட்டுப் போயாச்சுன்னு திருப்பி அனுப்பிட்டா.