ரெண்டு இஞ்சு ஏத்தின வண்டி

மெதுவா, மெதுவா சார். கதவத் தொறந்ததும் காலத் தூக்கி நேரா வச்சீங்கன்னா முட்டியில இடிக்கும். முதல்ல கைப்பிடியப் புடிச்சுக்கணும், அப்புறம் இடுப்பத் திருப்பணும், அப்புறம் ஒரு எம்பு. ஆங், அவ்வளவுதான். எனக்கு இது பழகவே ஒரு மாசம் ஆச்சு. நீங்க ஒரே தடவையில ஏறிட்டீங்க.

ஐயோ, சீட்ட மட்டும் பின்னாடி தள்ளாதீங்க சார். முட்டி ஸ்டியரிங்ல இடிக்குதுதான், தெரியுது. கொஞ்சம் சமாளிச்சுக்குங்க. அது... அந்த லிவர் கொஞ்சம் இறுக்கம். அப்புறம் பழைய இடத்துக்கு வராது.

வரும்போது இவ்வளவு உயரம் கிடையாது சார். கம்பெனியிலேருந்து வந்தப்ப ரொம்ப சாது. பள்ளிக்கூடத்துல புள்ளைங்கள எறக்கிவிடுற மூஞ்சி. நாந்தான் ஸ்பிரிங் மாத்தி ரெண்டு இஞ்சு ஏத்துனேன். வாங்கிப் பதினோரு மாசம்தான் ஆகுது. ஒரு கீறல் கிடையாது. சரி, மேல கேரியர்ல அந்த ஒண்ணு இருக்கு. அது எங்க வீட்டு வாசல் விளக்கு போட்டது. கேரியர் மாட்டின அன்னிக்கு, புது மாப்பிள்ளை மாதிரி வண்டிய உள்ள கொண்டு வர்றேன், தலைக்கு மேல டமால்னு ஒரு சத்தம். விளக்கு, அதோட மூடி, ஒரு ஓரமா சிமெண்ட்டுப் பூச்சு, எல்லாம் சேந்து பானெட் மேல. வீட்டம்மா தொடப்பத்தோட வந்து பாத்தா. திட்டவே இல்ல. என்னங்க, அடுத்து வீட்ட ரெண்டு இஞ்சு ஏத்தணுமான்னு மட்டும் கேட்டா.

ஏன் விக்கிறேனா? சொல்றேன் சார், சொல்லாம எங்க போகப் போறேன். முதல்ல வண்டியப் பாருங்க. ஆனா கொஞ்சம் சுருக்கா. வீட்டம்மா தையல் நூல் வாங்கக் கடைக்குப் போயிருக்கா, முக்கால் மணி நேரத்துல வந்துருவா. வந்தா ஒண்ணுமில்ல, காபி குடிங்க, உக்காருங்கன்னு உங்க நேரத்தப் புடிச்சு வச்சிருவா. அதுக்குச் சொன்னேன்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடை வச்சிருக்கேன். இருபத்தாறு வருஷமா ஒரே ரூம்பு. எதிர்ல ஒருத்தர உக்கார வச்சு, கீழ் வரியப் படிங்க, இப்பத் தெளிவா இருக்கா, இப்ப? இதே வேலை. நான் தெனமும் பாக்குற ரொம்பத் தூரம்னா அந்த எழுத்துப் பலகைதான். இந்த வண்டி வாங்கின புதுசுல ஒருநாள், போன்ல ஒரு வீடியோ. இதே வண்டி, இதே நெறம், சேத்துல மல்லுக்கட்டி மேல ஏறுது. ஏறி நின்னதும் கீழ அப்படியே பள்ளத்தாக்கு. அன்னிக்குப் புடிச்சது சார் எனக்குக் கிறுக்கு. அம்பது வயசுல சில பேரு தலைக்குச் சாயம் பூசுவான். நான் டயர் மாத்துனேன்.

மெக்கானிக் ஒருத்தர் இருக்காரு, பெரிய மீசைக்காரரு. எந்தப் பாதைக்குப் போகப் போறீங்கன்னு கேட்டாரு. மலைப்பக்கம், லேசான மண் பாதைதான்னேன். அப்ப டயரும் அடியில ஒரு தகடும் போதும் சார், மத்ததெல்லாம் ஆடம்பரம்னாரு. நல்ல மனுஷன், நாந்தான் கேக்கல. முன்னாடியும் பின்னாடியும் இழுக்குற கொக்கி, மேல கேரியர், சேத்துல சிக்கினா சக்கரத்துக்கு அடியில போடுற பலகை, காத்தடிக்கிற குட்டி மெஷின், எல்லாம் வாங்கினேன். தண்ணிக்குள்ள எறங்கினாலும் எஞ்சின் நிக்காம இருக்க, அதுக்குக் காத்து போற குழாயக் கூரை வரைக்கும் ஏத்தணும்னும் கேட்டேன். ஏன் சார், வீடு ஆத்துக்குள்ள இருக்குதான்னாரு. அதோட அத விட்டுட்டேன்.

டயரு சத்தம் போடுமான்னா, போடும் சார். தார் ரோட்டுல அறுபதத் தாண்டினா தேன்கூட்டுக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கும். மண்ணுல எறங்கிட்டா பூனை. டயர்ல கொஞ்சம் காத்தக் குறைச்சுக்கணும், அப்பத்தான் நல்லா பரவிப் புடிக்கும். திரும்பத் தார் ரோட்டுக்கு வந்ததும் மறுபடி அடிச்சுக்கணும்.

குனிஞ்சு பாருங்க, அந்தத் தகட்ட. கல்லு அடிச்சா எஞ்சினுக்கு ஒண்ணும் ஆகாது. ஆமா... சேறு இருக்குதான். காஞ்ச சேறு. அதுவும் ரெண்டு மூணு கலர்ல இருக்குங்கிறீங்களா? கெட்டிக்காரரு சார் நீங்க.

சரி, ஒளிச்சு என்ன ஆகப்போகுது. அந்த சீட்டு முன்னாடி இருக்குதுல்ல, அது என் அளவு இல்ல. வீட்டம்மா அளவு. அஞ்சடிக்கும் கம்மி. நீங்க சீட்ட ஒரு விரக்கடை நகத்தினாலும் உக்காந்ததும் கண்டுபுடிச்சிருவா.

என்ன ஆச்சுன்னா, இப்படி வண்டியில மலைப் பாதைக்குப் போறவங்க குழு ஒண்ணுல சேந்தேன். அதுக்குத் தலைவர் ஒரு பல் டாக்டர். ஞாயித்துக்கிழமை காலையில ஆறு வண்டி கிளம்பிச்சு. இவ வேணாம்னுதான் சொன்னா, நாந்தான் வற்புறுத்தி, தையல் மெஷின் ஸ்டூலப் போட்டு ஏத்தி உக்கார வச்சேன். என் வீரத்தப் பாக்க ஒரு ஆளு வேணும்ல? முதல் அரை மணி நேரம் நான் ராஜா. ஒரு கைய ஜன்னல்ல வச்சுக்கிட்டு விளக்கம் வேற சொல்லிக்கிட்டு வர்றேன். அப்புறம் ஒரு ஏத்தம் வந்துச்சு. பெரிசு ஒண்ணும் இல்ல, நம்ம மாடிப்படி அளவு இருக்கும். பாதியில முன்கண்ணாடியில வெறும் வானம்தான் சார் தெரியுது. ரோடு எங்க போச்சுன்னே தெரியல. எனக்குக் காலு பிரேக்குலயே ஒட்டிக்கிச்சு. எடுக்கச் சொல்றேன், எடுக்க மாட்டேங்குது. என் காலுதான்! பின்னாடி நாலு வண்டி நிக்குது. டாக்டர் மேலேருந்து கையக் காட்டுறாரு, வாங்க வாங்கன்னு. எனக்கு அவரு டாட்டா காட்டுற மாதிரி இருக்கு.

இவ ஹேண்ட் பிரேக்க இழுத்துப் புடிச்சா. இறங்குங்கன்னா. அவ்வளவுதான் சொன்னா. நான் இறங்கி ஒரு கல்லப் புடிச்சுக்கிட்டு நின்னேன். அவ இந்தப் பக்கமா நகந்து உக்காந்து, சீட்ட முன்னாடி இழுத்து, பொறுமையா, ஒரு ஒதறல் இல்லாம, மேல கொண்டு போயி நிறுத்திட்டா. லைசென்ஸ் எடுத்துப் பன்னெண்டு வருஷம் ஆகுது, காய்கறிக் கடையத் தாண்டி ஓட்டினதில்ல. எப்படி முடிஞ்சுதுன்னு கேட்டேன். காலர் தைக்கிறப்ப மூலையில ஒவ்வொரு தையலா பெடல விட்டு விட்டு மிதிக்கணும்ல, அதேதாங்கன்னா. முப்பது வருஷமா மெஷின் மிதிச்ச காலு சார். அதுக்கு ஒரு மலை பத்தாது.

அப்புறம் என்ன? ஏழு மாசமா ஞாயித்துக்கிழமை ஆனா அக்கா அக்கான்னு அந்தக் கூட்டமே கூப்புடுது. புதுசா வர்றவங்களுக்கு இவதான் பாடம். இழுக்குற கயித்துக்குப் பை, சீட்டுக்கு உறை, எல்லாம் தச்சு வச்சிருக்கா, பாருங்க. நானா? ஞாயித்துக்கிழமையும் கடையத் தொறந்து வைக்கிறேன். கூட்டம் ஜாஸ்தின்னு அவகிட்டச் சொல்லியிருக்கேன். ஒரு ஈ கூட வராது.

டீசல் செலவு அதிகம்னு விக்கிறேன் சார். நிறுத்துறதுக்கும் இடம் பத்தல. வயசாகுது, ஏறி எறங்க முடியல. என்ன சார் சிரிக்கிறீங்க? ஒரு காரணம் பத்தாதுன்னுதான் மூணு சொன்னேன்.

வண்டி யாரு பேர்லயா? அது... அவ பேர்லதான். வாங்கினப்ப ஒரு கெத்துக்காக அவ பேர்ல எழுதிட்டேன். ஆமா, கையெழுத்து அவதான் போடணும். இல்ல, விக்கிறது அவளுக்குத் தெரியாது. கோவிச்சுக்காதீங்க சார். நீங்க இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க, தப்புதான். யாராவது வந்து நல்ல விலை கேட்டா, பாரும்மா, தேடி வந்து கேக்குறாங்கன்னு பேச்ச ஆரம்பிக்கலாம்னு நெனச்சேன். வேற எப்படி ஆரம்பிக்கிறதுன்னு எனக்குத் தெரியல.

பொறாமையா? சேச்சே. அவ ஓட்டுறத நீங்க பாக்கணும் சார். எனக்குப் பெருமைதான்.

மூணு வாரத்துக்கு முன்னாடி பன்னெண்டு மணிக்கு வந்துருவேன்னு போனா. கடையச் சாத்திட்டு வந்து, சோறு வடிச்சு ரெண்டு தட்டு வச்சேன். மணி ஒண்ணாச்சு. போன் போகல. டாக்டர் போனும் போகல. ஒண்ணரைக்கு ஒரு அம்மா வந்து, தைக்கக் குடுத்த துணியக் கேட்டாங்க. தையல் ரூம்புக்குள்ள போனேன். அலமாரி முழுக்க மூட்டை மூட்டையா துணி. ஒண்ணுலயும் பேரு கிடையாது. எது யாருதுன்னு அவளுக்கு மட்டும்தான் தெரியும். அந்தம்மாவ நாளைக்கு வரச் சொல்லி அனுப்பிட்டேன். ஆனா நான் வெளிய வரல சார். அங்கயே நின்னுட்டேன். மெஷின்ல பாதி தச்ச சட்டை ஒண்ணு, ஊசி குத்தினபடியே இருக்கு. அவ வராமப் போயிட்டா இந்த வீட்டுல எனக்கு எது எங்க இருக்குன்னே தெரியாது.

ரெண்டேகாலுக்கு வந்தா. யாரோ ஒருத்தரு வண்டி ஓடைக்குள்ள சிக்கி, இவதான் கயிறு கட்டி இழுத்துவிட்டாளாம். காது வரைக்கும் சேறு. சிரிச்சுக்கிட்டே எறங்குறா. என்னங்க, மூஞ்சி ஏன் இப்படி இருக்குன்னா. நெஞ்செரிச்சல்னு சொன்னேன். மாத்திரை குடுத்தா.

அதுலேருந்து ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் கிளம்புறப்ப தண்ணி டம்ளர் பக்கத்துல ஒரு மாத்திரைய எடுத்து வச்சிட்டுத்தான் போறா. நானும் முழுங்கிக்கிட்டிருக்கேன். உங்ககிட்டச் சொன்னதுல நெஞ்சுல கொஞ்சம் பாரம் எறங்கின மாதிரி இருக்கு. விளம்பரத்த இப்பவே எடுத்துடுறேன் சார், இதோ. இந்த வாரம் மாத்திரையப் போடாம, கண்ண இறுக்கி மூடிக்கிட்டு அவ கூட ஏறி உக்காந்துரலாம்னு பாக்குறேன்.