வீட்டுக்குப் போனவர்கள்

தொழிலாளர்கள் வரும்போதும் போகும்போதும் கார்டு அடிக்கும் கடிகாரத்துக்கு வாரம் ஒரு முறை இரண்டு சொட்டு எண்ணெய் விட வேண்டும், ஐயா. விடாவிட்டால் முள் சோம்பல்பட்டு, ஐந்து நிமிடம் பிந்தி வந்தவனையும் சரியான நேரத்துக்கு வந்தவனாகக் காட்டிவிடும். பத்தொன்பது வருடமாக அந்த எண்ணெயை விட்டது நான்தான். அந்தச் சட்டைக் கம்பெனியில் என் பெயரைச் சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியாது. டைம் ஆபீஸ்காரர் என்றால் கை காட்டுவார்கள்.

சட்டம் தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம் தர வேண்டும். வேலை செய்கிறவரின் சம்மதம் வேண்டும். பதிவேட்டில் ஏற வேண்டும். அந்த அறிவிப்பைச் சுவரில் ஒட்டியதே நான்தான். முதலாளியும் ஒருநாளும் தப்புச் செய் என்று சொன்னவரில்லை. "ஆர்டர் அவசரம், நீ பாத்துக்கோ" என்பார். நான் பார்த்துக்கொண்டேன். ஐந்தரை மணிக்கு, மேற்கொண்டு இருக்கப்போகிறவர்கள் எல்லோருடைய கார்டையும் வாங்கி நானே ஒவ்வொன்றாக அடித்துவிடுவேன். கடிகாரத்தைப் பொறுத்தவரை அவர்கள் கிளம்பியாயிற்று. அதன்பிறகு மாடியில் ஏழரை வரை வேலை நடக்கும். கையில் ஏதோ கொடுப்போம். இரட்டைச் சம்பளமெல்லாம் இல்லை.

இதற்கு 'வீட்டுக்குப் போறது' என்று பெயர் வைத்தது பட்டன் அக்கா. பட்டன் தைக்கும் பகுதியில் இருந்தவர், வாய்த்துடுக்கு அதிகம். "தம்பி, இன்னைக்கு நாங்க ஆறு பேரு வீட்டுக்குப் போறோம். வீட்டுல நிறைய வேலை கிடக்கு, ஏழரைக்கு முன்னாடி வெளிய வர முடியாது" என்று சொல்லிக்கொண்டே கார்டை நீட்டுவார். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். போகப் போக யாருக்கும் அது கேலியாகத் தெரியவில்லை. முதலாளியே அந்தச் சொல்லைத்தான் பயன்படுத்தினார்.

என் தங்கை மட்டும் சிரிக்க மாட்டாள். அவளைக் காலர் தைக்கும் மெஷினில் உட்காரவைத்ததும் நான்தான். அப்பா இறந்த பிறகு அவளைப் படிக்கவைக்க என்னால் முடியவில்லை. அந்தக் குறை எனக்கு இன்றும் உண்டு. ஆனால் நான் ஒட்டிய தாளை அந்தக் கம்பெனியில் முழுதாகப் படித்த ஒரே ஆள் அவள்தான்.

"அண்ணா, இதுல ரெண்டு மடங்குன்னு போட்டிருக்கே?"

"போட்டிருக்கு."

"அப்புறம்?"

"அது சுவத்துக்குத்தாம்மா."

அவள் தொழிலாளர் அலுவலகத்துக்குப் புகார் எழுதினாள். ஆய்வாளர் வந்து கார்டுகளைப் புரட்டினார். எல்லாவற்றிலும் ஐந்தரை. புகார் கொடுத்த பெண் யார் என்று கேட்டார். "என் தங்கச்சிதான் சார். வீட்டுல ஒரு சின்ன மனஸ்தாபம், என் மேல கோபம்" என்றேன். அவள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள். அன்றோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள்.

அதன்பிறகு நான் கொஞ்சம் எச்சரிக்கையானேன். ஐந்தரைக்கு மேல் இருப்பவர்கள் மாடியின் பின்பக்கம் பேக்கிங் அறையில் உட்கார வேண்டும். ஜன்னலுக்கு அட்டை வைத்து அடைத்தேன். வெளியே பூட்டுப் போட்டேன். ஆய்வாளர் திடீரென்று வந்தாலும் மாடி காலியாகத் தெரிய வேண்டும் அல்லவா. ஏழரைக்குத் திறந்துவிடுவேன், ஒருநாளும் தாமதித்ததில்லை. தங்கை அந்த அறைக்குப் போகவில்லை. கார்டையும் தரவில்லை. "என் கார்டை நான்தான் அடிப்பேன், எந்திரிச்சுப் போறப்போ" என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டுத் தன் மெஷினிலேயே இருந்தாள். ஒருத்திதானே, ஆய்வாளர் கேட்டால் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று நானும் விட்டுவிட்டேன்.

அன்று தீப்பிடித்தபோது மணி ஆறு இருபது. வெளியே வெளிச்சம்கூட மங்கவில்லை. கழிவுத் துணி போடும் அறையிலிருந்து புகை படியேறியது. கார்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தேன். ஆள் எண்ணிக்கை பார்க்க அதைத்தான் எடுத்து வர வேண்டும் என்பது விதி. தீயணைப்பு அதிகாரி உள்ளே எத்தனை பேர் என்று கேட்டார். பார்த்தேன். அடிக்காத கார்டு ஒன்றுதான் இருந்தது. "ஒருத்தர் சார். முன்படிக்குப் பக்கத்துல, காலர் மெஷின்ல" என்றேன். ஐந்தே நிமிடத்தில் அவளைத் தூக்கி வந்துவிட்டார்கள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கண் திறந்ததும் அவள் சொன்னாள்: "பேக்கிங் ரூம்ல ஆறு பேரு இருக்காங்க. பூட்டியிருக்கு. சாவி அண்ணன்கிட்ட இருக்கு."

அதிகாரி என்னைப் பார்த்தார். சாவி என் கால்சட்டைப் பையில் இருந்தது. "எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டாங்க சார். கார்டைப் பாருங்க. புகையில இவளுக்குத் தலை சுத்துது" என்றேன். ஆறு கார்டையும் காட்டினேன். மை தெளிவாக விழுந்திருந்தது. நம்பினார். அவர்மேல் தப்பில்லை.

தங்கை என் சட்டையைப் பிடித்தாள். நான்கு மாதத்துக்குப் பிறகு என்னிடம் பேசினாள். "அண்ணா, சொல்லு" என்றாள், அவ்வளவுதான். நான் அவள் தலையைத் தடவி, "பேசாதம்மா, தொண்டை புண்ணாயிடும்" என்றேன்.

ஏன் என்று கேட்கிறீர்கள். ஆறு பேர் உள்ளே என்று சொன்னால், அவர்கள் கார்டை அடித்தது யார் என்பது அடுத்த கேள்வி. அதற்கு என்னிடம் பதில் தயாராக இல்லை. ஒரு நிமிடம் யோசிக்கலாம் என்று நினைத்தேன். யோசித்துக்கொண்டே நின்றேன். கூரை விழும் சத்தம் கேட்டது.

அந்த ஆறு பேரும் கார்டு அடித்துவிட்டு அனுமதியில்லாமல் திரும்ப நுழைந்தார்கள் என்று கம்பெனி எழுதிக் கொடுத்திருக்கிறது. தங்கை ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு இல்லை இல்லை என்கிறாள். புகையில் புத்தி கலங்கியவள் பேச்சு என்று தள்ளிவிட்டார்கள். நேற்று பட்டன் அக்காவின் மகள் என்னிடம் வந்தாள். "அம்மா அஞ்சரைக்கே கிளம்பிட்டாங்களாமே சார். அப்புறம் ஏன் வீட்டுக்கு வரல?" என்று கேட்டாள். அவளை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். அவள் போன பிறகுதான் இந்த ஸ்டேஷனுக்குப் புறப்பட்டு வந்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள். ஆறு பேரும் வேலையில்தான் இருந்தார்கள். கார்டு அடித்தது, பூட்டுப் போட்டது, இல்லை என்று சொன்னது எல்லாம் நான். சாவி இதோ.

ஒரு திருத்தம் மட்டும் செய்யுங்கள், ஐயா. சம்பவ நேரத்தில் நான் பணியில் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். என் கார்டையும் எடுத்துப் பாருங்கள். அன்றைக்கு முதலில் அடித்தது அதைத்தான், ஐந்தரைக்கு. தீப்பிடித்தபோது நான் அங்கே இல்லை. வீட்டுக்குப் போய்விட்டேன்.