டூப்பு அடுப்பு

சென்னையில் எவன் குளிர் காயப்போகிறான் என்று என்னிடம் கேட்காத ஆள் கிடையாது. நீங்களும் முதல் நாள் ஷெட்டுக்குள் நுழைந்ததும் அதைத்தான் கேட்டீர்கள், மேடம். நியாயமான கேள்விதான். சித்திரை வெயிலில் திருவொற்றியூரில் நின்றுகொண்டு குளிர் காயும் அடுப்பு செய்கிறவனைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். நாங்கள் செய்வதெல்லாம் ஊட்டிக்கும் ஏற்காட்டுக்கும் போகிறது. பங்களாக்காரர்களும் விடுதிக்காரர்களும் வாங்குகிறார்கள். விறகு பிளக்க வேண்டாம், சாம்பல் அள்ள வேண்டாம், பட்டனைத் தட்டினால் கட்டை எரிகிற மாதிரியே தீ வரும். எரிவது கேஸ். கட்டைகள் மண்ணில் வார்த்து, சுட்டு, சாயம் தீட்டியவை. ஷெட்டில் இருக்கிறவர்கள் அதற்கு வைத்த பெயர் டூப்பு அடுப்பு. எனக்கு அந்தப் பெயர் பிடிக்காது.

நான் ஸ்டேஷனுக்கு வந்திருப்பது எங்கள் ஷெட்டில் வேலை பார்க்கும் வசீமுக்காக. ஷோரூம் அடுப்பைப் பொருத்தியவன் அவன் என்பதற்காகவும், பெருநாள் லீவு விஷயத்தில் ஓனர் திலீப்போடு நாலு பேர் பார்க்கச் சத்தம் போட்டான் என்பதற்காகவும் அவனைப் புழல் ஜெயிலில் வைத்திருக்கிறீர்கள். வேண்டுமென்றே கட்டையைச் சரியாகப் பொருத்தாமல் விட்டு ஓனரைக் கொன்றான் என்பது வழக்கு. அவன் ஒரு பாவமும் அறியாதவன். அவன் வெளியே வர வேண்டும். அதற்காகத்தான் உங்கள் ரைட்டர் எழுதியதை ஓரமாக வைத்துவிட்டு நானே எழுதித் தருகிறேன்.

முதலில் தீயைப் பற்றி இரண்டு வார்த்தை. கேஸ் ஒழுங்காக எரிந்தால் நீலமாக எரியும். உங்கள் வீட்டு அடுப்பைப் பாருங்கள். அதைப் பார்த்து யாருக்கும் குளிர் காயத் தோன்றாது, தோசை ஞாபகம்தான் வரும். விறகுத் தீயின் மஞ்சள் வேண்டுமென்றால் காற்றைக் குறைக்க வேண்டும். காற்றுக் குறைந்த தீ விஷம் கக்கும். அந்த விஷத்துக்கு நிறமில்லை, நெடியில்லை, சுவாசிக்கிறவன் கொட்டாவி விட்டுக்கொண்டே போய்ச் சேர்ந்துவிடுவான். அதனால் கட்டைகளுக்குப் பின்னால் ஒரு புகைவாய் வைத்து, குழாய் போட்டு, எல்லாவற்றையும் வெளியே அனுப்பிவிடுகிறோம். இதில் ரகசியம் எதுவுமில்லை. தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். திலீப்புக்கும் தெரியும்.

திலீப்பும் நானும் ஒரே குப்பத்துக்காரர்கள். அவன் அப்பா படகுக்காரர், என் அப்பா வலை பழுது பார்க்கிறவர். பிற்பாடு நான் வார்ப்பு வேலை கற்றுக்கொண்டேன், அவன் பேசக் கற்றுக்கொண்டான். தொழிலைச் சேர்ந்து ஆரம்பித்தோம். ஷெட் என்னுடையது, ஷோரூம் அவனுடையது என்று பேச்சு. நாளாக ஆக எல்லாம் அவனுடையதாகிவிட்டது. ஊரில் எங்களைத் தோஸ்து என்பார்கள். எனக்கு அவனைப் பிடிக்காது, மேடம். எப்போதுமே பிடித்ததில்லை. அவன் சிரிப்பு பிடிக்காது, சாப்பிட்ட கையோடு என் கட்டைகளைத் தொடுவது பிடிக்காது, விலை படியாத ஆளிடம் என் முன்னாலேயே, "எல்லாம் டூப்புதான் சார், கண்ணுக்குத்தான்" என்று கண்ணடிப்பது பிடிக்கவே பிடிக்காது. இதையெல்லாம் வெளியே காட்டிக்கொள்ளாமல் இருந்தேன்.

என்னுடைய கட்டைகள் மற்ற கம்பெனிக் கட்டைகள் மாதிரி இருக்காது. அவர்கள் எல்லாக் கட்டைக்கும் ஒரே பட்டையைத் தீட்டுவார்கள். நான் எங்கள் கரையில் உடைத்துப்போட்ட பழைய கட்டுமரத்தின் மேலேயே அச்சு எடுத்தேன். கயிறு உரசின தழும்பு, உளி பட்ட இடம், உப்பு அரித்த ஓட்டை எல்லாம் அப்படியே இருக்கும். உப்பேறின கட்டை எரியும்போது தீயின் ஓரத்தில் லேசாகப் பச்சை ஓடும். அதையும் கொண்டுவந்தேன். ஏற்காட்டில் ஒரு விடுதிக்காரர் வீட்டு வேலைக்காரம்மா, தீயை அணைக்கத் தண்ணீரோடு ஓடிவந்தார்கள். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை எழுதிக் காட்ட முடியாது.

போன தை மாதம் திலீப் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தான். பெரிய செல்போன் மாதிரி ஒரு கண்ணாடி. உள்ளே தீப் படம் ஓடியது.

"தாமு, இனிமே இதான் நம்ம மாலு," என்றான். "கேஸும் வாணாம், பொகக் கொயாவும் வாணாம். செவுத்துல மாட்டுனா முடிஞ்சிது."

"இது தீயே இல்லடா."

"ஒன்னுது மட்டும் தீயா? இன்னா மாமு நீ. மஞ்சளா ஆடிகினு இருந்தா போதும். எவன் வந்து உத்துப் பாக்கப்போறான்?"

அடுத்த வாரம் நான் ஊட்டிக்கு ஒரு வேலையாகப் போய்விட்டுத் திரும்பி வந்தபோது, அச்சுகள் இருந்த அலமாரி காலியாக இருந்தது. ஷெட் வாசலில் கன்டெய்னர் லாரிகள் திரும்பித் திரும்பி ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அதை ரொப்பத் திலீப் என் அச்சுகளைக் கொட்டியிருந்தான். நான் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே ஒரு லாரி பின்னால் வந்து அவற்றின்மேல் ஏறி இறங்கியது. திலீப் டிரைவரைப் பார்த்து, "ஆங், ரைட்டு, ரைட்டு, வா வா" என்று கைகாட்டிக்கொண்டிருந்தான். நான் உள்ளே போய் முகம் கழுவினேன்.

மிச்சம் இருந்தது ஷோரூமில் ஓடும் அடுப்பு ஒன்றுதான். வாடிக்கையாளர் உட்கார்ந்து பார்க்கிற கண்ணாடி அறை அது. ஏசியைக் கடைசிவரை இறக்கி, இடுக்கெல்லாம் ரப்பர் ஒட்டி, ஊட்டிக் குளிரை உள்ளே வைத்திருப்பான். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அந்த அறையில்தான் தூங்குவான். ஏசி ஓடும், எதிரில் அடுப்பும் எரியும். கலீஜான பழக்கம். ஆனால் அவனுக்கு அதில் ஒரு ராஜ சுகம்.

அவனுக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. இதைக் கரையில் வளர்ந்தவர்களிடம்தான் பார்க்கலாம். விடியற்காலையில் படகு வரும்வரை மணலில் கட்டையைக் கொளுத்திக்கொண்டு காத்திருப்போம். தீ கொஞ்சம் தாழ்ந்தால் எவனாவது கட்டையை உள்ளே தள்ளுவான். யாரும் சொல்ல வேண்டியதில்லை, யோசித்துச் செய்வதும் இல்லை, கை தானாகப் போகும். திலீப் என் அடுப்பு எதிரில் உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் அழகுக்கு மாட்டியிருக்கும் இரும்புக் கம்பியை எடுத்துப் பின் கட்டையை ஒரு தள்ளு தள்ளுவான். அது நகராது. அடியில் இரண்டு ஆணி வைத்துத்தான் செய்திருக்கிறேன். அந்தக் கட்டை பின்னால் சரிந்தால் புகைவாயை அடைத்துக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியாதா? நகராததும் அவன் திடுக்கிட்டு, "தத்தேறி, டூப்புன்னு மறந்தே பூட்டேன் தாமு" என்று சிரிப்பான். இரண்டு பேரும் சேர்ந்து எத்தனையோ தடவை சிரித்திருக்கிறோம்.

இவன்தான் என் தீயைத் தீயே இல்லை என்றவன். அதைத்தான் நான் திரும்பத் திரும்ப யோசித்தேன். வாய் ஒன்று சொல்கிறது, கை வேறு சொல்கிறது. யார் சொல்வது உண்மை என்று பார்த்துவிட்டால் என்ன என்று தோன்றியது. இதைக் கோபத்தில் எடுத்த முடிவு என்று எழுதிவிடாதீர்கள். எனக்குக் கோபம் அடங்கி ரொம்ப நாளாகியிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷெட்டில் யாரும் இல்லாதபோது ஆணிகளை எடுத்தேன். துளைகளை அதே மண்ணால் அடைத்து, சுட்டு, சாயம் தீட்டினேன். கட்டையை முன்பு இருந்த மாதிரியே வைத்தேன். தொடாமல் இருக்கும்வரை அது அங்கேயே இருக்கும். வருஷக்கணக்கில் இருக்கும். திலீப் அதை வெறும் மண் என்று நினைத்திருந்தால் இன்றைக்கும் உயிரோடு இருப்பான். இது நியாயமான ஏற்பாடு என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை அவன் மனைவி ரேகா சுறாப்புட்டு கொடுத்தனுப்பியிருந்தாள். எனக்கும் ஒரு பங்கு வைத்தான், அதை மறைக்க மாட்டேன். சாப்பிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டே கண்ணாடி அறைக்குள் போய்ச் சோபாவில் சாய்ந்தான். நான் வெளியே, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றேன். கொஞ்ச நேரம் தீயைப் பார்த்தான். பிறகு தூக்கக் கலக்கத்தில் கம்பியை எடுத்து, கரையில் தள்ளுவது போலவே, பின் கட்டையை ஒரு தள்ளு தள்ளினான். கட்டை உள்ளே போனது. அவன் சிரிக்கவில்லை, மேடம். திடுக்கிடவும் இல்லை. கட்டை என்றால் நகரும்தானே என்பது போலக் கம்பியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

தீ அன்றைக்கு இருந்த மாதிரி அதற்குமுன் நான் பார்த்ததில்லை. கட்டை சாய்ந்ததில் தீ இரண்டாகப் பிரிந்து, அடர்ந்த மஞ்சளாக, சோம்பலாக எழுந்தது. ஏன் இதை முன்பே செய்துபார்க்கவில்லை என்றுகூடத் தோன்றியது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று நீங்கள் கேட்டபோது தெரியாது என்றேன். அது பொய்யில்லை. நான் அவனைப் பார்க்கவில்லை, தீயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நடுவில் வசீம் வந்தான். கையில் டெலிவரி பேப்பர்.

"இன்னாண்ணா, ஓனரு தூங்கினுகிறாரா? ஒரு கையெழுத்து வாங்கணும்."

"தூங்கட்டும் வுடு. பாவம், ராவெல்லாம் அலைஞ்சிருக்கான். நீ போய் டீ குட்ச்சிட்டு வா."

"அண்ணா, உங்களுக்கு?"

"எனக்கும் ஒண்ணு வாங்கிகினு வா. சக்கர கம்மியா."

வாங்கி வந்தான். குடித்தேன். அதற்கப்புறமும் கொஞ்ச நேரம் கழித்துத்தான் நானே கதவைத் திறந்து, மூச்சை அடக்கிக்கொண்டு கேஸை அடைத்துவிட்டுக் கூச்சல் போட்டேன்.

சாவு வீட்டில் ரேகா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ண்ணா, அவருக்கு வலிச்சிருக்குமாண்ணா?" என்று கேட்டாள். இல்லையம்மா, தூக்கத்திலேயே போய்விட்டான், முகம்கூடச் சிவந்து நன்றாக இருந்தது என்றேன். அவளுக்கு அது ஆறுதலாக இருந்தது. உண்மையைச் சொல்லித்தான் ஆறுதல் சொன்னேன் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

வசீமைப் பிடித்துக்கொண்டு போனபிறகு அவன் மனைவி ஜீனத் தினமும் ஷெட் வாசலில் வந்து நின்றாள். "அவரு எதுனா பொருத்த மறந்துட்டாராண்ணா? நெஜத்த சொல்லுங்கண்ணா, நான் தாங்கிக்குவேன்" என்றாள். மனுஷன்தானே, மறந்திருப்பான் என்றேன். அவள் முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டு போனாள். அதற்கப்புறம் அவள் வரவில்லை. வசீமைப் பார்க்கப் புழலுக்குப் போவதையும் நிறுத்திவிட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. அப்போதே வந்து சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்ல அவசரமான காரணம் எதுவும் அப்போது இல்லை.

நேற்று நீங்கள் கூப்பிட்டு நிபுணர் அறிக்கையைப் படித்துக் காட்டினீர்கள். பின் கட்டையை நிறுத்த அதில் ஏற்பாடே இல்லையாம். ஆணி இருந்த தடயமே இல்லையாம். ஆகவே பொருத்தியவன் மேல் தப்பில்லை, வடிவமைப்பில்தான் குறை என்று முடித்திருக்கிறார். "இதுக்குக் கீழே ஒரு கையெழுத்துப் போடுங்க சார். இது கவனக்குறைவு கேஸாயிடும். உங்களுக்குப் பெரிசா ஒண்ணும் ஆகாது, அந்தப் பையனும் வெளிய வந்துடுவான்" என்றீர்கள். இரவு முழுக்க எனக்குத் தூக்கமில்லை. பெரிய படிப்புப் படித்தவர் என் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, இதில் ஆணியே இல்லை என்கிறார். அடைத்த துளை அவர் கண்ணில் படவில்லை. அது என் வேலைக்குக் கிடைத்த மரியாதைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்காகக் குறை என்று எழுதலாமா?

காலையில் வந்து எல்லாவற்றையும் சொன்னதும் நீங்கள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தீர்கள். "அந்தப் பையனக் காப்பாத்த கொலைய உங்க தலைமேல போட்டுக்கிறீங்க. உங்களுக்குப் பெரிய மனசு சார்" என்றீர்கள். எனக்கு மனசு பெரிதா சிறிதா என்று தெரியாது. கட்டையின் அடிப்பக்கம், கயிற்றுத் தழும்பு முடிகிற இடத்தில் மெல்லிய கத்தியால் சுரண்டிப் பாருங்கள், துளைகள் தெரியும். ஆணிகள் என் மேஜை டிராயரில் இருக்கின்றன. திலீப் கட்டையைத் தள்ளுவான் என்று தெரிந்தே எடுத்தேன். அவன் சாவான் என்று தெரிந்தே கதவைத் திறக்காமல் நின்றேன். அது கொலை. அதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள், நான் தடுக்கவில்லை.

ஆனால் அந்த அறிக்கையில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். நான் எழுதிய இதை வாக்குமூலமாகச் சேர்ப்பதற்கு முன்னால், வடிவமைப்பில் குறை என்ற வார்த்தையை அந்த நிபுணர் தன் கையாலேயே கோடு போட்டு அடித்துக் கொடுக்க வேண்டும். அதுவரை இந்தத் தாளிலும் என் கையெழுத்து இருக்காது. அவசரம் ஒன்றுமில்லை. அவர் நிதானமாக யோசிக்கட்டும். வசீம் பொறுமையான பையன், இருப்பான்.