பதினாறு வீட்டுச் சாப்பாடும் ஒரே அக்கவுண்டும்

செயலாளர் வத்சலா அக்காவுக்கு, இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னிக்கணும். பாப்பாவுக்குத் தடுப்பூசிக் காய்ச்சல், இப்போதுதான் கண் அசந்தாள். நாளைய நம் மகளிர் சங்கக் கூட்டத்துக்கு என்னால் வர முடியாது. நான் பேச நினைத்ததை அப்படியே எழுதியிருக்கிறேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசித்துவிடுங்கள்.

தோழிகளே, கிளவுட் என்றால் என்ன என்று பாடம் நடத்தப் போவதில்லை. போன வாரம் நம் தெருவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன், அதுவே போதும்.

செண்பகம் அக்காவை உங்களுக்குத் தெரியும். பிரசவமான பெண்களுக்குப் பத்தியச் சாப்பாடு செய்து வீட்டுக்கே அனுப்புகிறவர். பதினாறு வீடு. யாருக்கு உப்புக் குறைக்கணும், யாருக்குச் சர்க்கரை, யாருக்கு நிலக்கடலை பட்டாலே தொண்டை அடைக்கும்... எல்லா ஆஸ்பத்திரிச் சீட்டையும் போனில் படம் எடுத்து வைத்திருந்தார். போன் நம்பர்களும் அதில்தான்.

அந்தப் போன், காலை ஆறு மணிக்கு, கொதிக்கிற பூண்டுக் குழம்பில் விழுந்தது.

அக்கா என்ன செய்தார் தெரியுமா? அடுப்பை அணைத்துவிட்டார். "குத்துமதிப்பா உப்புப் போட நான் என்ன கல்யாணத்துக்கா சமைக்கிறேன்? பச்ச உடம்புக்காரிங்கடி!" என்றார்.

பக்கத்து வீட்டுக்காரி நான். படித்தவள் இல்லையா... தைரியம் சொன்னேன். "பயப்படாதீங்கக்கா. படமெல்லாம் கிளவுட்ல இருக்கும்."

"மேகத்துலயா? என்ன அனு, காலங்காத்தால கிண்டலா?"

"மேகம் இல்லக்கா. வேற ஊர்ல ஒரு கம்பெனியோட பெரிய கம்ப்யூட்டர். பேங்க் லாக்கர் மாதிரி. உங்க போன் போனாலும் பொருள் அங்க இருக்கும். உங்க மெயில் ஐடி சொல்லுங்க, என் போன்ல திறந்துடலாம்."

"மெயிலா? எனக்கேது மெயிலு? போன் வாங்குனப்ப கடைக்காரர் ஏதோ தட்டிக் குடுத்தாரு."

லாக்கர் இருக்கிறது. பொருளும் உள்ளே இருக்கிறது. சாவி? ...ஓடினோம். போன் விற்ற குமரகுரு அண்ணன் வீடு கடைக்கு மேலேதான். வாயில் பிரஷ்ஷோடு வந்தார். விஷயம் கேட்டதும் சிரித்தார். "இதுக்கா இப்படி வேர்த்துக் கெடக்கீங்க? என்கிட்ட இருக்கு. எல்லாருக்கும் ஒண்ணுதானே!"

"எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டாண்ணே?"

"இல்ல தங்கச்சி... எல்லாருக்கும் ஒரே அக்கவுண்ட்டு."

அவர் சொன்னது எனக்கு உறைக்கவே இல்லை. தன் போனில் திறந்தார். சீட்டுகள் கிடைத்தன. எட்டு மணிச் சாப்பாடு பதினொன்றுக்குப் போனது... ஆனால் சரியான சாப்பாடாகப் போனது. கிளவுட் காப்பாற்றியதா? காப்பாற்றியது! அதை மறந்துவிடாதீர்கள்.

ஆனால் சீட்டைத் தேடித் திரையைத் தள்ளும்போது வேறென்னவெல்லாம் வந்தது? யாரோ ஒருவருடைய ரேஷன் கார்டு. யாரோ ஒருவருடைய ஆபரேஷன் தழும்பு. அப்புறம்... நீட்டிய கால்களில் படுத்து எண்ணெய் தேய்த்துக்கொள்ளும் ஒரு குழந்தை.

என் பாப்பா.

ஏனென்றால் என் போனும் அந்தக் கடையில் வாங்கியதுதான். அவசரத்தில் அவர் போட்டுக் கொடுத்த அக்கவுண்ட்டை, எம்.எஸ்சி. படித்த நானும் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை.

கத்தினேன். குமரகுரு அண்ணன் தலை நிமிரவில்லை. "மெயில் கேட்டா எல்லாரும் முழிக்கிறாங்க தங்கச்சி. இது இல்லாம ஒரு ஆப்பும் இறங்காது. உதவின்னு நெனச்சுத்தான்..." என்றார். உண்மைதான். நாமும் கேட்கவில்லையே.

செண்பகம் அக்கா ஒன்றுதான் கேட்டார்: "அப்ப அந்தப் பிள்ளைங்க சீட்ட, இந்த அக்கவுண்ட்டு உள்ள போன் வச்சிருக்கற யார் வேணா பாத்திருக்கலாமா?" பார்த்திருக்கலாம். அன்று மாலை பதினாறு பேருக்கும் அவரே போன் செய்து சொன்னார். இரண்டு பேர் சாப்பாட்டை நிறுத்திவிட்டார்கள். ரெஹானா மட்டும், நிலக்கடலை சேராத பெண், "அடுப்ப அணச்சீங்கல்ல, அது போதும்க்கா" என்றாளாம். அக்கா அப்போதுதான் அழுதார்.

தோழிகளே, கிளவுட்டைக் கண்டு பயப்படச் சொல்லவில்லை. உங்கள் ஆர்டர், உங்கள் டிசைன், உங்கள் வாடிக்கையாளர் விவரம் எல்லாம் அங்கே இருக்கட்டும். லாக்கர் நல்லதுதான். லாக்கர் யார் பெயரில்? சாவி யார் கையில்? இந்த இரண்டையும் கேட்காமல் உள்ளே எதையும் வைக்காதீர்கள். நம்மை நம்பி இன்னொருத்தி கொடுத்த விவரத்தை நிச்சயமாக வைக்காதீர்கள்.

இப்போதே போனை எடுங்கள். செட்டிங்ஸில் அக்கவுண்ட் என்ற இடத்தைத் திறங்கள். அங்கே இருக்கும் மெயில் முகவரி உங்களுடையதா? உங்களுக்கே தெரியாத முகவரியா? தெரியாததென்றால் எதையும் அழிக்காதீர்கள். ஒன்றில் அழித்தால் எல்லோருடையதும் அழிந்துவிடும்.

அந்த அக்கவுண்ட்டில் முப்பத்தோரு குடும்பம் இருக்கிறது. பத்தொன்பது பேரைக் கண்டுபிடித்து, அவரவர் பெயரில் புது அக்கவுண்ட் திறந்து, படங்களை மாற்றிவிட்டோம். மீதி பன்னிரண்டு பேர் யாரென்று தெரியவில்லை. நம் சங்கத்தில் பாதிப் பேர் அந்தக் கடையில்தான் போன் வாங்கினோம். ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிக்கு அந்த அக்கவுண்ட்டை நிரந்தரமாக மூடப் போகிறோம். மாற்றாத படங்கள் அதோடு போய்விடும், ஆனால் எல்லோருடையதும் எல்லோருக்கும் தெரியும்படி அதற்கு மேல் திறந்து வைக்க எனக்கு மனசு வரவில்லை.

உங்கள் போனில் என்ன முகவரி இருக்கிறது என்று பார்த்து, தயவுசெய்து எனக்குச் சீக்கிரம் பதில் போடுங்கள்.

அனுசியா